கொம்புக்காரி இறங்கி வந்த அத்தியாயம்

கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடக்கூடிய இடம் வந்ததும் அவள் நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அது ஒலிப்பதிவுக் கூடம். கூடம் என்று சொல்வதெல்லாம் ஒரு மரியாதைக்கு. உள்ளே ஒரு நாற்காலி, ஒரு மேஜை, ஒரு மைக், சுவர் முழுக்கச் சாம்பல் நிறப் பஞ்சு. மின்விசிறிச் சத்தம் மைக்கில் விழும் என்று அதையும் நிறுத்திவிடுவார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் உட்கார்ந்திருப்பார். ஐம்பதைத் தாண்டிய மனிதர், பிளாஸ்க்கில் கொண்டுவரும் காபியைத் தவிர வேறெதிலும் அவசரம் காட்டாதவர். அவருக்கு வேலை இரண்டு. காதால் கேட்க வேண்டும். அதே நேரத்தில் புத்தகத்தில் விரலை வைத்து வரி வரியாகத் தொடர வேண்டும். வாசிப்பவர் ஒரு 'உம்'மை விழுங்கினாலும் விரல் நின்றுவிடும்.

அவளுக்கு மைக் புதிதில்லை. சோப்பு, சிமெண்ட், இருமல் மருந்து எல்லாவற்றுக்கும் குரல் கொடுத்தவள். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம், தயவுசெய்து காத்திருக்கவும்' என்று போனில் வருகிற குரலும் அவளுடையதுதான். யாரென்றே தெரியாமல் ஊரில் பாதிப் பேர் அவளைத் திட்டியிருக்கிறார்கள். ஆனால் ஒரு முழு நாவலை வாசிப்பது இதுதான் முதல் தடவை. அதுவும் எந்த நாவல்? சின்ன வயசிலிருந்து தன்னுடையது என்றே அவள் நினைத்திருந்த நாவல்.

வீட்டில் அதற்குக் 'குண்டுப் புத்தகம்' என்று பெயர். ஒரு காலத்தில் வாரப் பத்திரிகையில் தொடராக வந்து ஊரையே கட்டிப் போட்ட சரித்திரக் கதை. கோட்டை, முற்றுகை, மாறுவேடத்தில் இளவரசன், சதிகார மந்திரி, இரட்டை நாக்கு ஒற்றன் என்று சகலமும் உண்டு. நடுவில் ரொம்ப வருஷம் அச்சில் இல்லாமல் கிடந்து, இப்போதுதான் மறுபதிப்பு வந்திருந்தது. அதை ஒலிநூலாகப் போடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவள் பதிப்பகத்தின் வாசலில் போய் நின்று, 'வேறு யாருக்காவது கொடுத்தால் நான் சும்மா இருக்க மாட்டேன்' என்று பாதி சிரிப்பும் பாதி நிஜமுமாகச் சொல்லி வாங்கிய வேலை.

அன்றைக்கு முற்றுகை அத்தியாயம். கோட்டையின் காவல் கோபுரத்தில் ஒரு பெண் நிற்கிறாள். எதிரிப் படை பின்சுவரில் ஏறுவதைப் பார்த்துக் கொம்பு ஊதி எல்லோரையும் எழுப்புகிறாள். கதையில் அவளுக்குப் பெயர் கிடையாது, கொம்புக்காரிதான். இவளுக்கும் வீட்டில் அதே பெயர். பள்ளிச் சான்றிதழில் வேறு ஏதோ இருக்கிறது. அப்பா, அம்மா, அத்தை, மாமா, பக்கத்து வீட்டு மாமி வரைக்கும் யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை. 'கொம்புக்காரி வந்துட்டாளா?', 'கொம்புக்காரிக்கு ஒரு தோசை போடு.' எங்கேயாவது முரண்டு பிடித்தால், 'பின்னே என்ன, பேர்லயே கொம்பு இருக்கே' என்பார்கள். அவளுக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

ஆகவே அந்த இடம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு, சொந்த வீட்டுக் கதவைத் திறப்பது போலச் சொல்லிக்கொண்டு போனாள்.

"கோபுர உச்சியில் அவள் நின்றாள். மழை இறங்கப் போகும் மேகத்தின் நிறம் அவளுக்கு. அந்த நிறம் அங்கே தெரிகிறவரையில் பயமில்லை என்றுதான் கோட்டைக்குள் குழந்தை குட்டிகளோடு ஜனங்கள் படுத்துத் தூங்கினார்கள்..."

"மேடம்" என்றது காதில் மாட்டியிருந்த கருவி. "ஒரு நிமிஷம்."

அவள் கண்ணைத் திறந்தாள்.

"எந்தப் பக்கம் படிக்கிறீங்க?"

"அதே பக்கம்தான். ஏன்?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் புத்தகத்தை மூக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். "நீங்க படிச்சது இதுல இல்ல மேடம். நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா இல்ல."

அவள் குனிந்து பக்கத்தைப் பார்த்தாள். அச்சில் இப்படி இருந்தது:

'கரியை அரைத்துப் பூசினாற்போன்ற முகம். காட்டினத்தாருக்கே உரிய தடித்த உதடுகள். அழகையும் அறிவையும் மறுத்துவிட்ட இறைவன், அந்த இனத்துக்கு நாயின் நன்றியை மட்டும் விட்டுவைத்திருந்தான். "ஏடி, கொஞ்சம் சிரி. இருட்டில் படிக்கட்டு தெரியட்டும்" என்றான் ஒரு வீரன். அதைக் கேட்டு இளவரசனும் வாய்விட்டுச் சிரித்தான்.'

இரண்டு தடவை படித்தாள். பிறகு எழுந்து, கனமான கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து சொன்னாள், "இந்தப் பதிப்பு தப்பு. யாரோ கைவெச்சிருக்காங்க."

"மறுபதிப்புல இவ்வளவு மாத்துவாங்களா மேடம்?"

"எனக்குத் தெரியும். இந்தப் புத்தகம் எனக்கு மனப்பாடம். எங்கப்பா வாயால கேட்டது."

அந்தக் கடைசி வாக்கியத்துக்கு மேல் சாட்சி எதுவும் வேண்டியதில்லை என்றே அவள் நினைத்தாள். அவள் அப்பா அச்சகத்தில் புரூஃப் பார்த்தவர். காலமெல்லாம் அடுத்தவர் எழுத்தில் பிழை பொறுக்கியவர். கல்யாணப் பத்திரிகை வந்தால் மணமக்கள் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் ஒற்றுப்பிழையைப் பார்ப்பார். மளிகைக் கடையில் கட்டிக் கொடுத்த காகிதத்தைக்கூடப் பென்சில் எடுத்துத் திருத்திவிட்டுத்தான் குப்பையில் போடுவார். ஆனால் பிழை வேறு, வார்த்தை வேறு. ஓர் எழுத்தாளரின் வார்த்தையை மாற்றுவது அவர் அகராதியில் திருட்டுக்குச் சமம். 'எழுதினவன் எழுதினது எழுதினதுதான். நாம தூசி தட்ட வந்தவங்க, சாமானை இடம் மாத்தக் கூடாது' என்பார். அப்படிப்பட்டவர் வாசித்தது தப்பாக இருக்குமா? உலகம் தப்பாக இருக்கலாம், அப்பா வாசித்தது தப்பாக இருக்காது.

இந்த நம்பிக்கையில்தான் அவள் பதிப்பகத்துக்கே போன் போட்டு ஒரு பாடு பாடினாள். பாடிய பாட்டில் 'பொறுப்பு வேண்டாமா', 'செத்துப்போன மனுஷனோட எழுத்து' என்ற வரிகளெல்லாம் உண்டு.

மறுநாள் பதிப்பாசிரியர் நேரிலேயே வந்துவிட்டார். முப்பது வயதுப் பெண், தோளில் துணிப்பை. அதிலிருந்து ஒரு நூலகத்தின் முத்திரை போட்ட முதல் பதிப்பை எடுத்து மேஜைமேல் வைத்தார். காகிதம் பழுத்துப் போயிருந்தது. அத்தியாயத்தைத் தேடிப் பிரித்துக் காட்டினார். கரி, உதடு, நாய், சிரிப்பு. ஒரு புள்ளிகூட மாறவில்லை.

"நாங்க எதுவும் தொடலை மேடம்" என்றார் பதிப்பாசிரியர். குரலில் வெற்றி இல்லை, சங்கடம்தான் இருந்தது. "தொடணுமா வேண்டாமான்னுதான் எங்களுக்குள்ள பெரிய சண்டை. இன்னைக்கு ஒருத்தர் இப்படி எழுதிக் கொண்டுவந்தா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவோம். பழைய புத்தகம்ங்கறதால விட்டுட்டோம். உங்களுக்கு வாசிக்கச் சங்கடமா இருந்தா சொல்லுங்க. ஒலிநூல்ல மட்டும் இந்த வரிகளை எடுத்துடலாம். யாருக்கும் தெரியப்போறதில்ல."

பதிப்பாசிரியரின் பார்வை அவள் முகத்துக்கு வந்து, சட்டென்று மேஜைக்குப் போயிற்று. அந்தப் பார்வை என்ன நினைத்தது என்பது அவளுக்குப் புரிந்தது. அவளும் கறுப்புதான். குடும்பத்தில் எல்லோரையும்விட இரண்டு சுற்று அதிகம்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்று புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

போய், சமையலைக்கூட மறந்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து படித்தாள். கொம்புக்காரி ஊதுகிறாள். கோட்டை விழித்துக்கொள்கிறது. ஓர் அம்பு வந்து அவளைச் சாய்க்கிறது. கொம்பு கீழே விழுந்து உடைகிறது. அத்தியாயத்தின் கடைசி வரி இது: '"நல்ல கொம்பு, உடைந்து போயிற்றே" என்று தளபதி வருந்தினார்.'

அவ்வளவுதான். இருநூறு பக்கத்தோடு அவள் கதை முடிந்தது. பிறகு ஒருவரும் அவளை நினைக்கவில்லை.

அதெப்படி முடியும்? அப்பா வாசித்ததில் கொம்பு உடையும், ஊதியவள் படியிறங்கி வருவாள். இளவரசன் குதிரையிலிருந்து குதித்து, கடிவாளத்தை அவள் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நடந்து வருவான். அதற்குப் பிறகும் அவள் எத்தனை இடத்தில் வருகிறாள். மந்திரி சபையில் மந்திரியை வாயடைக்க வைப்பாள். ஒற்றனைக் குரலை வைத்தே கண்டுபிடிப்பாள். முடிசூட்டு விழாவில் சிம்மாசனத்துக்கு வலப்பக்கம் நிற்பாள், புதுக் கொம்போடு. இவள் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தாள். மந்திரி சபை இருந்தது, ஒற்றன் இருந்தான், சிம்மாசனமும் இருந்தது. கொம்புக்காரியை மட்டும் காணோம். கொன்றதோடு எழுத்தாளருக்கு வேலை முடிந்துவிட்டது. அப்பாவுக்கு அங்கேதான் வேலை ஆரம்பித்திருக்கிறது.

அவளுக்கு இப்போது எல்லாம் கோவையாக நினைவுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து, பாயை விரித்து, எல்லோரும் சுற்றி உட்கார, அப்பா அலமாரி மேலிருந்து காகித அட்டை போட்ட புத்தகத்தை இறக்குவார். அவளைத் தொடவிட மாட்டார். 'எழுத்து பொடிசு, கண்ணு போயிடும்.' அவர் குரல் பெரிய குரல் இல்லை. ஆனாலும் முற்றுகை வந்தால் பக்கத்து வீட்டில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றுவிடும். அம்மா கையில் துணி தைத்துக்கொண்டிருப்பாள்; ஊசி நடுவில் நிற்கும். வெயில் ஜன்னல் கம்பியைத் தரையில் போட்டு, மெதுவாகப் பாய்மேல் ஏறி, அவள் காலைத் தொடுகிற வரைக்கும் கதை போகும். அதைவிடச் சுகமான எதையும் அவள் பிறகு அனுபவித்ததில்லை. முற்றுகை அத்தியாயத்தில் மட்டும் அப்பாவுக்குத் தொண்டை வறண்டுவிடும். 'கொம்புக்காரி, போய்த் தண்ணி கொண்டு வா' என்பார். அவள் ஓடிப்போய்ச் சொம்பில் கொண்டு வருவாள். குடித்துவிட்டுத் தொடர்வார். அடுத்த வாரம் கதை தொடங்கும் முன்பே அவள், 'கொம்புக்காரி வருவாளா?' என்று கேட்பாள். 'வராம?' என்பார். பாவம், வேறென்ன சொல்வார்.

ஒரே ஒரு முறை, கல்லூரி நூலகத்தில் அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தாள். முதல் பத்துப் பக்கத்திலேயே அப்பா குரல் இல்லாமல் சப்பென்று இருந்தது. வைத்துவிட்டாள்.

இவ்வளவு வரைக்கும் நினைக்க இனிப்பாகத்தான் இருந்தது. அதற்கு மேல் ஒரு முள் இருந்தது. பெயர் யார் வைத்தது?

அப்பா மாற்றிய கதையிலிருந்து வந்த பெயர் என்றால் அது பூமாலை. அச்சில் இருக்கிற கதையிலிருந்து வந்த பெயர் என்றால் அது 'கரிச்சட்டி' என்று கூப்பிடுவதுபோலத்தான். 'கொம்புக்காரி வந்துட்டாளா' என்று அத்தை சொல்லும்போது கூடவே வருகிற அந்தச் சிரிப்பு என்ன சிரிப்பு? இத்தனை வருஷம் அவள் அதைச் செல்லம் என்று எடுத்துக்கொண்டு கூடவே சிரித்திருக்கிறாள். அப்பாவே விளையாட்டாக வைத்துவிட்டு, பிறகு மனசு கேட்காமல் கதையை மாற்றினாரோ? மற்றவர் யார் வைத்திருந்தாலும் தாங்கிக்கொள்ளலாம். அப்பா வைத்திருக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மா வீட்டுக்குப் போனாள். பஸ்ஸில் போகும்போதே கேள்வியைப் பல விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். குரலை விற்றுப் பிழைப்பவளுக்கு அன்றைக்கு ஒரு குரலும் பொருந்தவில்லை.

அப்பா ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். கண் போய்விட்டது. முழுசாக இல்லை, நேரே பார்த்தால் மறைகிறது, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தெரிகிறது. புரூஃப் பார்த்தவருக்கு ஓரத்தை மட்டும் விட்டுவைத்தது என்ன நியாயமோ. அம்மா கட்டில்மேல் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

"ரெக்கார்டிங் எது வரைக்கும் வந்திருக்கு?" என்றார் அப்பா, அவளை உட்காரக்கூட விடாமல்.

"முற்றுகை வந்தாச்சுப்பா."

"ஓ" என்றார். அவர் கை பக்கத்து ஸ்டூலைத் தடவியது. எதைத் தேடுகிறார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"தண்ணி கொண்டு வரட்டுமா?" என்றாள் அவள்.

கை நின்றுவிட்டது. அம்மாவும் துணி மடிப்பதை நிறுத்தினாள். பஸ்ஸில் தயார் செய்த எதையும் சொல்ல வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

"படிச்சிட்டியா?" என்றார் அப்பா.

"படிச்சேன். அவ செத்துப்போறா."

"ஆமா."

"இளவரசன் சிரிக்கிறான்."

"ஆமா" என்றார். "அதை நினைச்சாத்தான் எனக்கு இன்னைக்கும் ஆறமாட்டேங்குது. எவ்வளவு அருமையா எழுதற மனுஷன். அந்த இடத்துல அவனைச் சிரிக்க விட்டுட்டாரே."

"அது இருக்கட்டும்ப்பா. எனக்கு அந்தப் பேரை யார் வெச்சா?"

அவள் காத்திருந்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை போல அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்கத்தை வெச்சா" என்றாள் அம்மா. "நீ பொறந்து, ஆஸ்பத்திரியிலேர்ந்து தூக்கிட்டு வந்த அன்னைக்கு. அப்பத்தான் பத்திரிகையில அந்தக் கதை வந்துட்டிருந்தது, எல்லா வீட்டிலயும் அதே பேச்சு. உங்கத்தை துணியை விலக்கிப் பார்த்துட்டு, 'அண்ணன் வீட்டுக்குக் கொம்புக்காரி வந்துட்டா, இனிமே ராத்திரி விளக்கு வேண்டாம், சிரிச்சா போதும்'னா. அறையே சிரிச்சுது. பிரசவத்துக்கு ஒத்தாசையா வந்த எங்க பெரியம்மாகூடச் சிரிச்சாங்க."

"அப்பா?"

"உங்கப்பா சிரிக்கல. வாயும் திறக்கல. அவருக்கு எப்ப வாய் இருந்தது? நான்தான் சண்டை போட்டேன். பச்சை உடம்புக்காரி, கத்தித் தீர்த்தேன். கத்தி என்ன? பேரு ஒட்டிக்கிச்சு. ஊர் வாயெல்லாம் அதே பேரு. அப்புறம் உனக்கு அஞ்சு வயசுல நீயே வந்து கேட்டே, 'கொம்புக்காரின்னா யாரு, எல்லாரும் ஏன் சிரிக்கிறாங்க'ன்னு. எனக்குத் திக்குன்னுச்சு. உங்கப்பா கொஞ்ச நேரம் உன்னையே பார்த்துட்டு, 'புத்தகத்துல இருக்கு, ஞாயித்துக்கிழமை படிச்சுக் காட்டறேன்'னார்."

அம்மா ஒரு துண்டை உதறினாள். "சண்டை போட்டவளுக்கு ராங்கிக்காரின்னு பேரு. கதை சொன்னவருக்கு நல்ல பேரு. எழுதிக்கோ, இதுதான் உலகம்."

அப்பா சிரித்தார். பிறகு மெல்லச் சொன்னார், "எல்லார் வாயையும் திருத்த முடியல. உன் பேரையும் மாத்த முடியல. கையில இருந்தது அந்தப் புத்தகம் ஒண்ணுதான்."

"அத்தைக்குத் தெரியாதா? அவங்க கதையைப் படிச்சவங்கதானே?"

"அதைக் கேளு" என்றாள் அம்மா. அவள் முகத்தில் பழைய சந்தோஷம் ஒன்று வந்து உட்கார்ந்தது. "ஒரு ஞாயித்துக்கிழமை அவ வந்திருந்தா. பாயில நம்மளோட உட்கார்ந்தா. இவர் படிக்கிறார், இளவரசன் குதிரையிலேர்ந்து இறங்கிக் கடிவாளத்தைக் குடுக்கறான். 'அண்ணா, இது எங்க'ன்னு வாயைத் திறந்தா. இவர் கண்ணாடிக்கு மேலால அவளை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான். அத்தனை வருஷத்துல அவர் யாரையும் அப்படிப் பார்த்து நான் பார்த்ததில்ல. அவ கப்சிப். நீ அவ மடியிலதான் தலை வெச்சுப் படுத்திருந்தே. ரொம்ப நேரம் கழிச்சு உன் தலையைத் தடவிக் குடுத்துட்டிருந்தா."

எல்லோர் முன்னாலும் அழுவது அவளுக்குப் பிடிக்காது. அன்றைக்குப் பிடிக்காததைச் செய்தாள். அம்மா மடித்த துண்டை எடுத்து அவள் மடியில் போட்டாள்.

கொஞ்சம் அடங்கிய பிறகு, பதிப்பகத்தில் சொன்னதை அப்பாவிடம் சொன்னாள். அந்த வரிகளை எடுத்துவிடலாம் என்கிறார்கள், அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"எடுத்துடச் சொல்லேன்" என்றார் அப்பா.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீங்களா சொல்றீங்க? ஒரு கால்புள்ளியைத் தொட விடமாட்டீங்களே."

"எத்தனை வீட்டுல எத்தனை பிள்ளைங்க கேட்கும்? அதுங்க காதுல எதுக்கு அது?"

அவள் யோசித்தாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்த்தாள். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வார்த்தைக்குக் காவல் இருந்தவர், ஒரே ஒரு புத்தகத்தில் மட்டும், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், பக்கத்தைப் பார்த்தபடியே வேறொன்றைச் சொல்லியிருக்கிறார். அதற்கு அவர் உள்ளுக்குள் என்ன பாடு பட்டிருப்பார் என்பது வேறு யாருக்குத் தெரியும்?

"வேண்டாம்ப்பா. அவர் எழுதினது அவர் பேர்லயே இருக்கட்டும். நாம ஏன் துடைச்சு விடணும்? துடைச்சுட்டா, ஏதோ எல்லாரும் அந்தக் காலத்துல ரொம்ப நல்லவங்களா இருந்த மாதிரி ஆயிடும். அப்புறம் நீங்க என்ன பண்ணினீங்கன்னு யாருக்குத் தெரியும்?"

"யாருக்குத் தெரியணும்?"

"எனக்குத் தெரியணும்."

அப்பா அவள் இருந்த திசைக்கு முகத்தைக் கொஞ்சம் சாய்த்து, ஓரக்கண்ணால் அவளைப் பார்க்க முயன்றார்.

அடுத்த வாரம் கூடத்தில், மின்விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டு, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு வாசித்தாள். கரியை வாசித்தாள், உதட்டை வாசித்தாள், நாயை வாசித்தாள். வீரனின் கேலியை அவன் குரலிலேயே சொன்னாள். 'இளவரசனும் வாய்விட்டுச் சிரித்தான்' என்ற இடத்தில் குரல் நடுங்கும் என்று பயந்தாள், நடுங்கவில்லை. தளபதி கொம்புக்காக வருந்தியதும் நிறுத்தினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரல் கடைசி வரியில் நின்றிருந்தது. ஒலிப்பதிவாளர் பிளாஸ்க்கைத் திறந்து, மூடியில் காபி ஊற்றி, கதவைத் தள்ளிக்கொண்டு வந்து அவளிடம் கொடுத்தார். அந்தக் காபியை அவர் யாருக்கும் கொடுத்து யாரும் பார்த்ததில்லை.

"அன்னைக்கு நீங்க கண்ணை மூடிட்டுப் படிச்சீங்களே, அது எதுல இருக்கு மேடம்?" என்றார்.

"எங்க வீட்டுல" என்றாள்.

ஒலிநூல் வெளிவந்தது. முன்னால் பதிப்பாசிரியரின் குரலில் சின்ன முன்குறிப்பு: இது இன்ன காலத்தில் எழுதப்பட்டது, இதில் ஓர் இனத்தைப் பற்றிச் சொல்லியிருப்பது அன்றும் தவறு, இன்றும் தவறு. 'அன்றும்' என்ற வார்த்தையை வற்புறுத்திப் போட வைத்தவள் அவள்தான்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போனை ஜன்னல் விளிம்பில் வைத்து அவர்களுக்குப் போட்டுக் காட்டினாள். அப்பாவின் மடியில் புதுப் பதிப்பு இருக்கும். பார்க்க முடியாவிட்டாலும் கையில் இருந்தால்தான் அவருக்குக் கதை ஓடும். மகளின் குரலுக்குத் தக்கபடி குத்துமதிப்பாகப் பக்கத்தைத் திருப்பிக்கொண்டே வருவார். நடுநடுவே 'பேஷ்' என்பார். 'அந்த இடத்துல கொஞ்சம் மூச்சு விட்டிருக்கலாம்' என்பார். அம்மா ஊசியில் நூல் கோத்துத் தரச் சொல்லிவிட்டு, தைக்காமல் கேட்டுக்கொண்டிருப்பாள்.

முற்றுகை வந்தது. வேண்டாம், இந்த ஒன்றைத் தாண்டிவிடலாம் என்று அவள் போனை நோக்கிக் கையை நீட்டினாள். அதற்குள் ஆரம்பித்துவிட்டது. 'கரியை அரைத்துப் பூசினாற்போன்ற முகம்' என்றது அவள் குரல், ஜன்னலோரத்தில் இருந்து, தெளிவாக.

"கோபுர உச்சியில் அவள் நின்றாள்" என்றார் அப்பா.

அவர் அதைச் சொல்ல நினைத்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லிற்று. கண் மடியிலிருந்த பக்கத்தின் மேல் இருந்தது. ஒரே அறையில் இரண்டு குரலும் ஒரே கோபுரத்தில் ஏறின. அவள் போனை எடுத்து ஒலியைக் குறைத்தாள். இன்னும் குறைத்தாள். பிறகு நிறுத்திவிட்டாள்.

அப்பா சுதாரித்துக்கொண்டார். "ஏன் நிறுத்திட்டே? நல்லாத்தானே படிக்கிறே."

"நீங்க படிங்கப்பா."

"எனக்கு எங்க கண்ணு தெரியுது?"

"அப்ப மட்டும் பார்த்தா படிச்சீங்க?" என்றாள் அம்மா.

அப்பா சிரித்துக்கொண்டே புத்தகத்தை நேராக வைத்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார். ஒரு பக்கத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு, "கொம்புக்காரி, போய்த் தண்ணி கொண்டு வா" என்றார்.

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். சொம்பு நிறைந்துவிட்டது. குழாயை மூடிவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள். அவருக்கு யோசிக்க நேரம் வேண்டும்.